போர்வீரனுக்கு நாடு நின்ற பிணை

போர் தொடங்குங் காலத்தில் வீரனை அழைப்பது எளிது. போர் முடிந்தபின் அவனை வீட்டுக்கு அனுப்புவதே அரசுக்குக் கடினமான காரியம். வாளைக் கீழே வைத்தவன் எங்கே போவான், எதனை உண்பான், எந்தக் கூரையின்கீழ் உறங்குவான் என்னும் வினாக்கள் பழங்கால மன்னர் முதல் இக்காலக் குடியரசுகள் வரை எல்லா ஆட்சியாளரையும் எதிர்நோக்கியுள்ளன. உரோமப் பேரரசில் நெடுங்காலம் சேவை புரிந்த வீரருக்கு நிலமோ பணமோ கொடுத்து அனுப்புவது வழக்கமாயிருந்தது. கி. பி. 6ஆம் ஆண்டில் அகஸ்தஸ் பேரரசர் இதற்கெனத் தனியே ஒரு கருவூலத்தையும் நிறுவினார். தமிழகத்து வேந்தரும் போரில் மாண்ட வீரனுடைய குடும்பத்துக்கு நிலம் அளித்தனர். அவ்வாறு அளித்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். வீரன் சிந்திய உதிரத்துக்கு மண்ணை ஈடாகக் கொடுத்தார்கள் என்பதை அப்பெயரே சொல்லும்.

பண்டைய வேந்தரிடம் நிலம் இருந்தது, கொடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் நிலைமை வேறு. கோடிக்கணக்கான இளைஞர் படையிற் சேர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் உழவர் அல்லர். தொழிற்சாலையிலும் கடையிலும் கந்தோரிலும் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது வயல் அன்று, குடியிருக்க ஒரு வீடு. அத்தனை பேருக்கும் வீடு கட்டிக் கொடுக்க எந்த அரசின் திறைசேரியாலும் இயலாது. இச்சிக்கலுக்கு ஐக்கிய அமெரிக்க நாடு 1944ஆம் ஆண்டிலே ஒரு வழி கண்டது. அது வீரனுக்கு வீட்டைக் கொடுக்கவில்லை. வீடு வாங்கப் பணமும் கொடுக்கவில்லை. அவன் வாங்கும் கடனுக்குத் தன் சொல்லைப் பிணையாகக் கொடுத்தது. அப்பிணை ஒரு நாட்டின் வாழ்க்கை முறையையே மாற்றியது. ஆனால் எல்லா வீரரையும் அது ஒன்றுபோலச் சென்றடையவில்லை. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே அதன் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

அமெரிக்கா இந்த முடிவுக்கு வந்தமைக்கு ஒரு கசப்பான அனுபவம் காரணமாயிருந்தது. முதலாம் உலக மகாயுத்தத்திற் போரிட்டு மீண்டவர்களுக்கு ஈட்டுத்தொகை வழங்க அந்நாட்டுக் காங்கிரஸ் சபை 1924ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. உள்நாட்டிற் சேவை செய்த ஒவ்வொரு நாளுக்கும் 1 டொலர், கடல் கடந்து சேவை செய்த ஒவ்வொரு நாளுக்கும் 1 டொலர் 25 சதம் எனக் கணக்கிடப்பட்டது. ஆனால் பெரும்பாலோருக்குப் பணம் உடனே கைக்கு வரவில்லை. 1945ஆம் ஆண்டில் மாற்றிக்கொள்ளத்தக்க பத்திரங்களே கொடுக்கப்பட்டன. 1929ஆம் ஆண்டுக்குப்பின் பொருளாதார மந்தம் நாட்டைச் சூழ்ந்தபோது, வேலையிழந்து பசித்திருந்த வீரர்கள் அப்பத்திரங்களுக்கு உரிய பணத்தை உடனே தருமாறு கேட்டனர். 1932ஆம் ஆண்டு மே மாதத்தில் மேற்குக் கரையிலுள்ள போட்லண்ட் நகரிலிருந்து வால்டர் வாட்டர்ஸ் என்பவர் தலைமையில் ஒரு கூட்டத்தினர் தலைநகரை நோக்கிப் புறப்பட்டனர். வழியெங்கும் பலர் சேர்ந்துகொண்டனர். ஏறத்தாழ 17,000 முன்னாட் படைவீரர், மனைவி மக்களோடு வாஷிங்டன் நகரிற் கூடினர். அனகோஸ்டியா ஆற்றோரத்துத் தாழ்நிலத்திலே பழம்பலகையும் தகரமுங் கொண்டு குடிசை கட்டி வாழ்ந்தனர்.

அவ்வாண்டு யூன் 15ஆந் திகதி பிரதிநிதிகள் சபை அவர்களது கோரிக்கையை ஏற்றது. ஆனால் இரண்டு நாட்கள் கழித்துச் செனட் சபை அதனைத் தள்ளிவிட்டது. பலர் ஊர் திரும்பினர். போக்கிடம் இல்லாதோர் அங்கேயே தங்கினர். யூலை 28ஆந் திகதி, தளபதி டக்ளஸ் மக்ஆதர் தலைமையிற் காலாட்படையும் குதிரைப்படையும் தாங்கிகளும் வந்தன. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. குடிசைகள் தீக்கிரையாயின. நாட்டுக்காகப் போரிட்டவன் நாட்டின் தலைநகரிலேயே நாட்டுப் படையினால் விரட்டப்பட்ட காட்சி மக்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அவர்களுக்குரிய பணம் 1936ஆம் ஆண்டிலேதான், அதுவும் சனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டத்தினாற் கிடைத்தது. இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டபோது, ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் அமெரிக்கர் படையிற் சேர்ந்தனர். இத்தனை பேரும் ஒருங்கே திரும்பிவந்து வேலையும் வீடுமின்றி நின்றால் யாது நிகழும்? அனகோஸ்டியாவின் புகையை மறவாத அரசியலாளர் அனைவரும் இவ்வினாவை எண்ணி அஞ்சினர்.

இங்கே இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ளல் வேண்டும். அக்காலத்துக்குச் சற்று முன்னர் வரை அமெரிக்காவிலே ஒரு சாதாரண குடும்பத்தவர் வீடு வாங்குவது எளிதான காரியம் அன்று. வீட்டை ஈடு வைத்து வங்கியிற் கடன் பெறலாம்; ஆனால் விலையில் ஏறத்தாழப் பாதியைத்தான் வங்கி கொடுக்கும். மற்றப் பாதியை வாங்குபவன் முன்னரே சேர்த்து வைத்திருத்தல் வேண்டும். கடனின் தவணையும் பொதுவாக 3 ஆண்டு முதல் 5 ஆண்டு வரையே. அக்காலமெல்லாம் அவன் வட்டியை மட்டுங் கட்டிவருவான். முடிவில் முதல் முழுவதையும் ஒரே தடவையிற் கொடுத்தல் வேண்டும். அவ்வளவு பணம் எவரிடமும் இராது. ஆதலால் மீண்டும் மீண்டும் ஈட்டைப் புதுப்பித்துக்கொள்வதே வழக்கம். நல்ல காலத்தில் இம்முறை ஒருவாறு நடந்தது. மந்தம் வந்தபோது வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன. பல வங்கிகள் தாமே மூடப்பட்டன. 1933ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வீடுகள் கடனுக்காகப் பறிமுதலாயின.

அவ்வாண்டில் அரசு வீட்டுடைமையாளர் கடன் கூட்டுத்தாபனம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 10 இலட்சம் குடும்பங்களின் குறுந்தவணைக் கடன்களை நீண்டதவணைக் கடன்களாக மாற்றிக் கொடுத்தது. 1934ஆம் ஆண்டில் கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகம் தோன்றியது. அது வங்கிக் கடனுக்குக் காப்புறுதி வழங்கியது. முதலையும் வட்டியையும் சேர்த்து மாதந்தோறும் ஒரே அளவான தொகையாக 20 ஆண்டுகள் வரை கட்டித் தீர்க்கும் முறை இதனாற் பரவியது. ஆயினும் வாங்குபவன் விலையில் ஐந்திலொரு பங்கை முற்பணமாக வைத்திருத்தல் வேண்டும் என்ற விதி தொடக்கத்தில் இருந்தது. காப்புறுதிக் கட்டணமும் அவன் தலையிலேயே விழுந்தது. வேலைக்குப்போய்ப் பணம் சேர்க்கும் வயதிலே துப்பாக்கி ஏந்திப் பசிபிக் தீவுகளிலும் ஐரோப்பாவிலும் கிடந்த இளைஞனிடம் முற்பணம் எங்கிருந்து வரும்? போர் அவனுடைய உழைப்பு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அந்த இழப்பை நாடு எவ்வாறாயினும் நிரப்புதல் வேண்டும் என்பதே புதிய சட்டத்தின் அடிப்படை எண்ணமாயிற்று.

அச்சட்டத்தின் முதல் வரைவை எழுதியவர் கான்சஸ் மாநிலத்துத் தொப்பேகா நகர வழக்கறிஞர் ஹரி கோல்மெரி. அவர் அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாட் போர்வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1943ஆம் ஆண்டின் இறுதியிலும் 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக, வாஷிங்டன் நகரிலுள்ள மேபிளவர் ஹோட்டல் அறையொன்றிலிருந்து அந்த ஹோட்டலின் கடிதத் தாள்களிலே தம் கைப்பட அதனை எழுதினார். கல்விக்கு உதவி, வேலையற்ற காலத்தில் வாரம் 20 டொலர் வீதம் 52 வாரங்கள் வரை உதவிப்பணம், வீடோ பண்ணையோ தொழிலோ தொடங்கக் கடனுக்குப் பிணை என அதன் கூறுகள் அமைந்தன.

செனட் சபையும் பிரதிநிதிகள் சபையும் தனித்தனியே நிறைவேற்றிய இரண்டு மசோதாக்களையும் ஒன்றாக்க அமைந்த கூட்டுக்குழுவிலே பெரிய முட்டுக்கட்டை ஏற்பட்டது. பிரதிநிதிகள் சபையின் சார்பில் அதற்குத் தலைமை தாங்கியவர் மிசிசிப்பி மாநிலத்து ஜோன் ராங்கின். இனப்பாகுபாட்டை வெளிப்படையாக ஆதரித்த அவர், கறுப்பினத்து வீரருக்கும் உதவிப்பணம் செல்லுமே என்று மனம் வெந்தார். அச்சபையின் குழுவினர் மூவர் மூவராகப் பிரிந்து நின்றனர். ஏழாமவரான ஜோர்ஜியா மாநிலத்து ஜோன் கிப்சன் நோயுற்றுத் தம் ஊரிலே இருந்தார். அவர் அனுப்பிய எழுத்து வாக்கை ராங்கின் ஏற்க மறுத்தார். இரவோடிரவாகக் கிப்சனைத் தேடிக் கண்டுபிடித்து, மோட்டார் வண்டியில் ஏற்றி, புளோரிடாவிலுள்ள ஜாக்சன்வில் நகருக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து ஆகாய விமானத்தில் வாஷிங்டனுக்கு அனுப்பினர். யூன் 10ஆந் திகதி காலையில் அவர் அளித்த வாக்கினால் முட்டுக்கட்டை நீங்கியது. 1944ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி, நேசநாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கிப் பதினாறு நாட்கள் கழிந்தபின், சனாதிபதி ரூஸ்வெல்ட் சட்டத்திலே கையொப்பமிட்டார்.

இனி, வீட்டுக்கடன் பற்றிய பகுதி எவ்வாறு தொழிற்பட்டது என்பதைப் பார்ப்போம். வீரன் தான் விரும்பிய வீட்டைத் தேடிக்கொள்வான். பின்னர் வங்கிக்கோ கடன் வழங்கும் வேறு நிறுவனத்துக்கோ சென்று கடன் கேட்பான். கடனில் ஒரு பகுதிக்கு முன்னாட் படைவீரர் நிருவாகம் பிணை நிற்கும். தொடக்கத்திலே இப்பிணை கடனிற் பாதி அளவாகவும், 2,000 டொலருக்கு மேற்படாததாகவும் இருந்தது. வட்டி நூற்றுக்கு 4க்கு மேற்படலாகாது. கடன் 20 ஆண்டுகளுள் தீர்தல் வேண்டும். நிருவாகம் ஏற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டைப் பார்த்து அதன் நியாயமான பெறுமதியை உரைப்பார். அதற்கு மேற்பட்ட விலைக்கு வாங்கினால் பிணை இல்லை. அனுபவமற்ற இளைஞனை விற்பவர் ஏமாற்றாதிருக்க இவ்விதி காவலாயிற்று.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். பிணை 4,000 டொலராக உயர்ந்த பிற்காலத்தில், ஒரு வீரன் 8,000 டொலர் பெறுமதியான வீட்டை முற்பணம் இன்றியே வாங்குகிறான் என்று கொள்வோம். வங்கி முழுத் தொகையையும் கடனாகக் கொடுக்கிறது. பாதிக்கு அரசு பிணை. சில மாதங்களில் அவன் வேலையிழந்து தவணை தவறுகிறான் என்றால், வங்கி வீட்டை விற்கும். 5,000 டொலரே கிடைத்தாலும், குறையும் 3,000 டொலர் அளவான தொகையை அரசு கொடுத்துவிடும். வங்கிக்கு நட்டம் இல்லை. கடன் தீரத் தீரப் பிணையும் அதே விகிதத்திற் குறைந்துகொண்டு போகும். வீரன் ஒழுங்காகத் தவணை கட்டிவந்தாலோ, அரசு ஒரு சதமேனும் பிணைப்பணம் கொடுக்க நேராது. வீட்டு வளவும் கட்டடமும் முற்பணமாகப் பாதியைக் கொண்டுவந்தவனுடைய கடனுக்கு எவ்வளவு பாதுகாப்போ, அவ்வளவு பாதுகாப்பை அரசின் சொல் ஒன்றே கையில் எதுவுமில்லாதவனுடைய கடனுக்கும் அளித்தது. செல்வந்தனான மாமன் ஒருவன் மருமகனுக்காக வங்கியில் வந்து கையொப்பமிடுவதைப் போன்றது இது. அத்தகைய மாமன் இல்லாத இலட்சக்கணக்கானோருக்கு நாடே அந்த உறவின் இடத்தில் நின்றது.

மாதக் கணக்கிலும் இதன் பயனைக் காணலாம். 8,000 டொலர் கடனை நூற்றுக்கு 4 வட்டியில் 25 ஆண்டுகளிற் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 42 டொலர் 23 சதம் ஆகும். முதல் மாதத்தில் அதில் 26 டொலர் 67 சதம் வட்டிக்குப் போகும். 15 டொலர் 56 சதம் முதலிற் குறையும். மாதம் செல்லச் செல்ல வட்டிப் பங்கு சுருங்கி முதற் பங்கு பெருகும். முன்னாளைய முறையில் ஐந்தாண்டு வட்டி கட்டியவன் ஐந்தாண்டு முடிவிலும் அதே கடனாளியாயிருந்தான். புதிய முறையில் ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு துண்டு வீடு அவனுக்குச் சொந்தமாயிற்று. வாடகை கொடுப்பவனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

ஆயினும் சட்டம் வந்தவுடனே எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. முதலில் வீடுகளே இல்லை. மந்தக் காலத்திலும் போர்க் காலத்திலும் போதிய வீடுகள் கட்டப்படவில்லை. திரும்பி வந்த வீரர்கள் பெற்றோர் வீட்டிலும் மாமனார் வீட்டிலும் நெருங்கி வாழ்ந்தனர். சிக்காகோ நகரிலே பழைய டிராம் வண்டிகளையும் வீடாக விற்றனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிபித் பூங்காவில் 1946ஆம் ஆண்டிலே அரைவட்டக் கூரையுடைய 750 தகரக் கூடாரங்களை அமைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து 1,500 குடும்பங்களைக் குடியேற்றினர். சொலமன் தீவுகளில் உயிர்நீத்த ரொஜர் யங் என்னும் படைவீரனின் பெயர் அக்குடியிருப்புக்கு இடப்பட்டது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பிற இனத்தவரும் அங்கே அயல் அயலாக வாழ்ந்தனர் என்பது, பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து நினைவில் வைக்கத்தக்கது.

இரண்டாவது இடையூறு சட்டத்தினுள்ளேயே இருந்தது. வீட்டின் பெறுமதியை வழமையான காலத்துக்குரிய பெறுமதியாகக் கணிக்கவேண்டுமென முதற் சட்டம் கூறிற்று. சந்தையில் விலை ஏறிவிட்டது. மதிப்பீடோ பழைய அளவில் நின்றது. ஆகவே பல வீரருக்குப் பிணை ஏட்டளவிலேயே இருந்தது. 1945ஆம் ஆண்டு டிசெம்பரிற் செய்த திருத்தம் வழமையான என்ற சொல்லை நீக்கி, நியாயமான பெறுமதி போதும் என்றது. பிணை 4,000 டொலராயிற்று. தவணை 25 ஆண்டாயிற்று. கடனுக்கு விண்ணப்பிக்கும் காலமும் நீட்டப்பட்டது. ஒரு சொல்லை எடுத்துவிட்டதும் கதவு திறந்தது.

கதவு திறந்ததைக் கண்டு கட்டட முதலாளிகள் களத்திலிறங்கினர். அவர்களுட் புகழ்பெற்றவர் லெவிட் குடும்பத்தினர். நியூயோர்க் நகருக்குக் கிழக்கேயுள்ள லோங் ஐலண்ட் தீவிலே, உருளைக்கிழங்கு விளைந்த தோட்டங்களை வாங்கி, 1947ஆம் ஆண்டில் வீடு கட்டத் தொடங்கினர். வில்லியம் லெவிட் போர்க்காலத்திற் கடற்படையின் கட்டடப் பிரிவிற் பணியாற்றியவர். வீடு கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரே வேலையை வீடு வீடாகச் செய்துகொண்டு செல்லுமாறு ஏற்பாடு செய்தார். மோட்டார்த் தொழிற்சாலையில் வண்டி நகரும், தொழிலாளி நிற்பான். இங்கே வீடு நின்றது, தொழிலாளி நகர்ந்தான். நாளொன்றுக்கு 30 வீடுகள் வரை முடிந்தன. முதலிற் கட்டிய வீடு 750 சதுர அடியும் இரண்டு படுக்கையறைகளும் கொண்டது. தொடக்கத்தில் வீரருக்கு மாதம் 60 டொலர் வாடகைக்கு விடப்பட்டது. 1949ஆம் ஆண்டில் 7,990 டொலர் விலையுள்ள வீடுகள் விற்பனைக்கு வந்தபோது, மாதம் 58 டொலர் அளவிற் கட்டி வீட்டைச் சொந்தமாக்க முடிந்தது. வாடகையிலும் சொந்த வீடு மலிவாயிற்று! 1951ஆம் ஆண்டளவில் லெவிட்டவுன் எனப் பெயர்பெற்ற அவ்வூரில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

இவ்வாறே நாடெங்கும் புதிய ஊர்கள் தோன்றின. 1952ஆம் ஆண்டுக்குள் இரண்டாம் உலக மகாயுத்த வீரர் பெற்ற ஏறத்தாழ 24 இலட்சம் வீட்டுக்கடன்களுக்கு அரசு பிணை நின்றது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பங்களில் நூற்றுக்கு 43.6 பங்கினரே சொந்த வீட்டில் வாழ்ந்தனர். 1950ஆம் ஆண்டில் அத்தொகை 55 ஆகவும், 1960ஆம் ஆண்டில் 61.9 ஆகவும் உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதும் இந்த ஒரு சட்டத்தால் வந்ததன்று. போருக்குப் பிந்திய வருவாய்ப் பெருக்கமும் வீடமைப்பு நிருவாகத்தின் காப்புறுதியும் அதிற் பங்குகொண்டன. எனினும் முற்பணம் இல்லாதவனும் வீடு வாங்கலாம் என்னும் துணிவை நாட்டுக்குக் கொடுத்தது போர்வீரர் சட்டமே.

இனி இவ்வரலாற்றின் மறுபக்கத்தை நோக்குவோம். சட்டத்தின் வாசகத்தில் நிறவேற்றுமை இல்லை. கௌரவமாகச் சேவையிலிருந்து விடுபட்ட எவருக்கும் உரிமை உண்டு என்றே அது கூறிற்று. ஆனால் அரசு கொடுத்தது சொல் மட்டுமே; பணத்தைக் கொடுப்பது வங்கி. வங்கி கொடுக்க மறுத்தால் அரசின் சொல் பயன்படாது. கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் வங்கியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே சட்டத்திற் காணாத வேற்றுமை வங்கியின் மேசையிலே தலைகாட்டியது. 1947ஆம் ஆண்டில் எபொனி என்னும் சஞ்சிகை மிசிசிப்பி மாநிலத்து நகரங்களில் ஆராய்ந்தபோது, வீடு, பண்ணை, தொழில் ஆகியவற்றுக்காக அரசுப் பிணையோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களில் இரண்டே இரண்டுதான் கறுப்பினத்து வீரருக்குக் கிடைத்திருந்தன.

இது தென்மாநிலங்களுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணுதல் தவறு. நியூயோர்க் நகரையும் நியூ ஜேர்சியின் வடபகுதியையும் சூழ்ந்த புறநகர்களிலே இச்சட்டத்தின் கீழ்ப் பிணைபெற்ற ஏறத்தாழ 67,000 வீட்டுக்கடன்களில், வெள்ளையர் அல்லாதார் பெற்றவை 100க்கும் குறைவு. வீடமைப்பு நிருவாகத்தின் மதிப்பீட்டு விதிகள், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தான இடங்கள் என ஒதுக்கின. வீட்டுக்கடன் கூட்டுத்தாபனம் வரைந்த நகரப் படங்களில் அத்தகைய பகுதிகள் சிவப்பு நிறம் பூசப்பட்டிருந்தன. அங்கே வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிது; வெள்ளையர் ஊர்களிலோ கறுப்பினத்தவருக்கு வீடே விற்கமாட்டார். பல ஊர்களின் காணி உறுதிகளிலேயே அவ்வாறு விற்கலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. லெவிட்டவுன் வீடுகளின் முதல் வாடகைப் பத்திரங்களும், வேலைக்காரர் நீங்கலாக வெள்ளையர் அல்லாதார் அங்கே குடியிருத்தல் ஆகாது என்றன. ஒரே போரிற் போரிட்ட இருவரில், ஒருவனுக்கு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வீடு எழுந்தது. மற்றவன் அதன் வாசற்படியில் ஏறவும் இயலவில்லை.

1948ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷெலி எதிர் கிரேமர் என்னும் வழக்கிலே, அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிவைத்தல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, வழக்கம் உடனே மாறவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் எழுந்த இரண்டாவது லெவிட்டவுனிலே, 1957ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர் முன்னைய உடைமையாளரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தனர். வில்லியம் மையர்ஸ் இரண்டாம் உலக மகாயுத்தத்திற் படையிற் சேவை செய்தவர். நூற்றுக்கணக்கானோர் இரவிரவாக வீட்டைச் சூழ்ந்து கூச்சலிட்டனர். கல்லெறிந்து சாளரங்களை உடைத்தனர். மாநிலப் பொலிசார் வந்து காவல்புரிய வேண்டியதாயிற்று; துன்புறுத்தியோருக்கு எதிராக நீதிமன்றத் தடையுத்தரவும் பெறப்பட்டது. மையர்ஸ் குடும்பத்தினர் அஞ்சி ஓடவில்லை. சில ஆண்டுகள் அவ்வீட்டிலேயே வாழ்ந்தனர். அவர்களுக்குத் துணைநின்ற வெள்ளையின அயலவரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

இவ்வேற்றுமையின் விளைவு ஒரு தலைமுறையோடு முடியவில்லை. வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டும் அன்று, அது முதுசம். தந்தை 8,000 டொலருக்கு வாங்கிய வீடு விலையேறிப் பிள்ளையின் படிப்புக்கு ஈடாகும், பேரனுக்குச் சொத்தாகும். அத்தொடக்கம் கிடைக்காத குடும்பத்துக்கு அத்தொடர்ச்சியும் கிடைக்கவில்லை. இன்றும் அமெரிக்க வெள்ளையினக் குடும்பங்களில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டவை சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் அத்தொகை 50க்குக் குறைவு. இவ்விடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, வீடு மலிவாகவும் கடன் எளிதாகவும் கிடைத்த அந்தச் சில ஆண்டுகளிலே பலர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டமை.

பிற்காலத்துச் சட்டங்கள் பிணையை விரிவாக்கியும் குறைகளைக் களைய முயன்றும் வந்தன. 1950ஆம் ஆண்டில் பிணை கடனில் நூற்றுக்கு 60 ஆகவும் 7,500 டொலர் வரையாகவும் உயர்ந்தது. தவணை 30 ஆண்டாயிற்று. 1952ஆம் ஆண்டில் கொரியப் போர் வீரருக்கும், 1966ஆம் ஆண்டில் அமைதிக் காலத்திற் சேவை செய்தோருக்கும் இவ்வுரிமை கிடைத்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் காலவரம்பை நீக்கியது. அதன்பின் வீரன் எந்த வயதிலும் இவ்வுரிமையைப் பயன்படுத்தலாம். அரசு உதவிபெறும் வீடுகளில் நிறவேற்றுமையைத் தடுக்கும் ஆணையைச் சனாதிபதி கென்னடி 1962ஆம் ஆண்டு நவம்பரிற் பிறப்பித்தார். 1968ஆம் ஆண்டு ஏப்பிரலில் நிறைவேறிய சட்டம் பெரும்பான்மையான வீடுகளின் விற்பனையிலும் வாடகையிலும் வேற்றுமை காட்டுதலைக் குற்றமாக்கியது. 1944ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அரசு பிணை நின்ற வீட்டுக்கடன்கள் 2 கோடி 50 இலட்சத்துக்கும் மேற்பட்டன. இன்றும் உரிமையுள்ள வீரர் முற்பணம் இன்றி வீடு வாங்க முடிகிறது.

கொடை வேறு, பிணை வேறு. கொடையிலே கொடுப்பவன் கை உயர்ந்தும் வாங்குபவன் கை தாழ்ந்தும் நிற்கும். பிணையிலோ, இவன் கடனைத் தீர்ப்பான் என்று ஒருவன் மற்றொருவனை நம்புகிறான். அனகோஸ்டியாக் குடிசைகளைக் கொளுத்திய நாடு பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தன் வீரரை அவ்வாறு நம்பத் துணிந்தது. நம்பப்பட்டவர்களிற் பெரும்பாலோர் மாதந்தவறாது கட்டி அந்நம்பிக்கையைக் காத்தனர். ஆனால் சட்டம் சொல்லிய சொல், அதிகாரியின் கையையும் மதிப்பீட்டாளரின் கையையும் வங்கி முகாமையாளரின் கையையும் கடந்துதான் வீரனைச் சென்றடைதல் வேண்டும். அவற்றுள் ஒரு கை தடுத்தாலும் அச்சொல் வெறுஞ்சொல்லாகிவிடும். நல்ல சட்டம் ஒன்றை இயற்றுவோர் அதன் வாசகத்தோடு நில்லாது, கடைசிக் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதையும் சென்று பார்த்தல் வேண்டும். வீரருக்கு நாடு நின்ற பிணையின் வரலாறு எல்லா நாட்டுக்கும் உணர்த்துவது இதுவே.